தனஞ்சயனின் எஞ்சினுக்கு நாலு ரப்பர்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றின் தொடர்மாடியில், மூன்றாம் மாடித் தனஞ்சயனைப் பெரிய பக்தர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஞாயிறு தவறாமல் காலை ஆறரைக்கு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போவார். மத்தியானம் திரும்பும்போது கண் சிவந்து, உடம்பு களைத்து, நெற்றி நிறையத் திருநீறோடு படியேறுவார். திரும்பி வர பஸ் ஏறுமுன் அங்கே கோயில் வாசலில் ஒரு நிமிடம் நிற்பது உண்மைதான். ஆனால் நெற்றியில் பட்ட கிரீஸ் கறையை மறைக்கத்தான் அவ்வளவு திருநீறு.

முதலாம் மாடி டீச்சர் தன் மகனின் விசாவுக்காகப் பெயர், நட்சத்திரம் எழுதிய துண்டு ஒன்றைக் கொடுத்து, அர்ச்சனை செய்துவரும்படி கேட்டார். அதை மட்டும் தனஞ்சயன் ஒழுங்காகச் செய்தார். விசா கிடைத்துவிட்டது. அதன் பிறகு ஞாயிறு காலையில் அவர் படியிறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் ஒரு துண்டு காத்திருந்தது.

அவர் உண்மையில் போனது ஆதப்பன் செட்டியாரின் பழைய கிட்டங்கிக்கு. வெங்காயமும் செத்தல் மிளகாயும் அடுக்கியிருந்த கட்டடத்தின் பின்முற்றத்தில், தகரக் கூரையின் கீழே, ஒரு ஜைரோப்பிளேன் நின்றது. ஓட்டோ ஒன்றின் எலும்புக்கூட்டில் கூரை விசிறியைப் பூட்டியது போல இருக்கும். மூன்று சில்லு, ஒரே ஒரு இருக்கை, பின்னால் எஞ்சினும் தள்ளுவிசிறியும். தலைக்கு மேலே சுற்ற வேண்டிய நீண்ட இறக்கைகளை எஞ்சின் சுற்றுவதில்லை. வண்டி முன்னால் ஓட ஓட, காற்றே அவற்றைச் சுற்றித் தூக்கிவிடும்.

தனஞ்சயனுக்கு ஐம்பத்தாறு வயது. கொக்குவிலில் இருந்து வந்து, லிஃப்ட் கொம்பனி ஒன்றில் வயரிங் பக்கம் முப்பது வருஷம் வேலை செய்தவர். கொழும்பின் பாதி ஆட்களை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி அலுத்துவிட்டது என்றும், கொஞ்சம் பக்கவாட்டிலும் போய்ப் பார்க்கலாம் என்று யோசித்ததாகவும் அவரே சொல்வார். மொன்றியலில் இருக்கும் மச்சான் நிரோஷன் இந்த இயந்திரத்தைத் தன் கராஜில் பாதி பூட்டி வைத்திருந்தார். காரா இதுவா என்று மனைவி கேட்ட பிறகு, அதைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்து, மேலே பிள்ளைகளின் பழைய உடுப்பும் சொக்லட்டும் பரப்பி, கப்பலில் அனுப்பிவிட்டார்.

உஷாந்திக்கு, அதாவது தனஞ்சயனின் மனைவிக்கு, இது எல்லாம் தெரியும். களுபோவில ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக முதுகுவலிக்காரருக்கும் முழங்கால்காரருக்கும் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அவர். அந்தச் சாமான் ஒருநாளும் பறக்காது என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் மனிசனைப் போக விட்டிருந்தார்.

ஆதப்பனும் சும்மா இடம் கொடுக்கவில்லை. முதல் பயணம் தான்தான் போகவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. ஆதப்பன் நூற்றுநாலு கிலோ. கையேட்டின் பதினேழாம் பக்கத்தில், தொண்ணூற்றைந்து கிலோவுக்கு மேற்பட்டவர் ஏறக்கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. தனஞ்சயன் அந்தப் பக்கத்தைப் பக்குவமாகக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எல்லாம் பூட்டி முடிந்தபோது ஒரு சின்னச் சாமானில் வேலை நின்றது. எஞ்சின் உட்காரும் தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில், நாலு மூலையிலும் நாலு ரப்பர் புஷ் வரவேண்டும். எஞ்சினின் நடுக்கம் சட்டத்தில் ஏறாமல் தடுப்பது அவைதான். பெட்டியில் வந்த நாலும் கனடாக் குளிரில் வருஷக்கணக்காகக் கிடந்து, பாக்குப் போல இறுகி வெடித்திருந்தன. செய்தவர்களுக்கு மெயில் போட்டார். அந்தக் கொம்பனி மூடி ஆறு வருஷம் என்று, முன்பு அங்கே வேலை செய்த ஒருவர் இரக்கப்பட்டுப் பதில் எழுதினார்.

அன்றிலிருந்து தனஞ்சயனின் பெருவிரல் சும்மா இருக்கவில்லை. ரப்பர் என்று எதைக் கண்டாலும் அழுத்திப் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டிக் கதவின் ஓரம், பிரஷர் குக்கர் வளையம், களுபோவிலவில் உஷாந்தியைக் கூட்டிவரப் போன இடத்தில் ஊன்றுகோலின் அடி எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஊன்றுகோலை வைத்திருந்தவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்ததால் அங்கே கொஞ்சம் பிரச்சினை வந்தது. லிஃப்ட் மோட்டருக்கு அடியில் இருக்கும் ரப்பர் தட்டுகளில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. அந்த லிஃப்டுகளில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்.

பிறகு பஞ்சிகாவத்தைக்குப் போனார். பழைய வாகனச் சாமான் விற்கும் அந்த வீதியில் நிலாம் என்பவரின் கடை, கதவிலிருந்து கூரை வரை ரப்பரும் இரும்பும்தான்.

“என்ன வாகனத்துக்கு சேர்?” என்று நிலாம் கேட்டார்.

பறக்கிற வாகனத்துக்கு என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று தனஞ்சயனுக்குக் கூச்சம். “ஒரு ஜெனரேட்டருக்கு நானா” என்றார்.

நிலாம் ஓட்டோ எஞ்சினுக்குப் போடும் ரப்பர் நாலு எடுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அதைப் பூட்டி, சட்டத்தை இரும்புத் தூணோடு கட்டி, இருக்கையில் ஒரு கிளாஸ் பிளேன்டீ வைத்து எஞ்சினை ஸ்டார்ட் எடுத்தார்கள். தேநீர் எவ்வளவு சிந்துகிறது என்பதுதான் அளவு. அன்றைக்கு அளக்கத் தேநீரே மிஞ்சவில்லை. எஞ்சின் மேடையில் சாமியாடுவது போல ஆடியது. ஒரு நட் கழன்று, ஆதப்பனின் காதோரம் பறந்து போய் வெங்காய மூட்டைக்குள் புகுந்தது.

“என்னய்யா இது, இப்பவே பறக்க ஆரம்பிச்சிருச்சு?” என்றார் ஆதப்பன். அப்புறம் தள்ளியே நின்றார்.

அந்த நட் தனஞ்சயனின் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. இனி எதைப் பூட்டினாலும் கை வலிக்கும்வரை இறுக்குவது என்று முடிவு செய்தார். அடுத்த முறை நிலாமிடம், “மா அரைக்கிற மில் ஒண்டுக்கு” என்று சொல்லி, பஸ் வில்லுக்குப் போடும் கட்டி ரப்பர் வாங்கினார். அதைப் பூட்டி, நீளக் குழாய் ஒன்றை நட் முடுக்கும் சாவியில் செருகி, தொங்கி இறுக்கினார். இந்த முறை எஞ்சின் ஆடவில்லை. மற்றதெல்லாம் ஆடியது. கிளாஸ் தானாக நகர்ந்து இருக்கையின் விளிம்பில் இருந்து குதித்தது. பக்கத்தில் நின்ற தனஞ்சயனின் மூக்குக்கண்ணாடித் திருகாணி கழன்று விழுந்தது. சட்டத்தைப் பிடித்திருந்த கை அன்று பின்னேரம் வரை விறைத்திருந்ததால், கோயிலில் ஐயர் கொடுத்த திருநீற்றைக் கீழே கொட்டிவிட்டார்.

சத்தத்தைப் பற்றி அயலவர் கேட்டபோது, “ஜெனரேட்டர் ரிப்பேர்” என்று ஆதப்பன் சொல்லி வைத்தார். மின்வெட்டுக் காலத்தை மறக்காத சனம் அதை நம்பியது. ஒருநாள் உண்மையிலேயே கரண்ட் போக, அடுத்த வீட்டு றிகாஸ் கையில் இருபது யார் நீள வயரோடு வந்து, தங்களுக்கும் ஒரு லைன் தரும்படி கேட்டார். ஆதப்பன் அவரை உட்காரவைத்துச் சோடா கொடுத்து, கரண்ட் வரும்வரை கதைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ரப்பர் வீட்டிலேயே அகப்பட்டது. ஒரு சனிக்கிழமை வாஷிங் மெஷின் உடுப்புப் பிழிந்துகொண்டிருந்தபோது தனஞ்சயன் அதன் மேல் கையை வைத்தார். உள்ளே தொட்டி பேய்ச் சுற்றுச் சுற்றுகிறது, நிலத்தில் ஒரு அதிர்வும் இல்லை. குனிந்து பார்த்தார். நாலு மூலையிலும் கறுப்பாக, அழகாக, நாலு ரப்பர் கால். பெருவிரலால் அழுத்தினார். அதற்குப் பிறகு அவருக்கு வேறு யோசனையே வரவில்லை.

உஷாந்தி மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் நாலையும் கழற்றினார். மெஷின் தாழ்ந்துபோனால் தெரிந்துவிடும் என்பதால், உஷாந்தியின் பழைய வீட்டுச் செருப்பு ஒரு சோடியை நாலு துண்டாக வெட்டி அடியில் வைத்தார். பிறகு கதவைப் பார்த்தபடி ஒரு பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். உஷாந்தி வந்து, “என்னப்பா, பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சு வாசிக்கிறியள்?” என்று கேட்டபோது, “கண்ணுக்குப் பயிற்சி” என்றார்.

மறுநாள் கொட்டாஞ்சேனையில் நாலு காலுக்கும் நடுவில் துளை போட்டுப் பூட்டி எஞ்சினை எடுத்தார். கிளாஸில் தேநீர் மெல்லிய வளையம் போட்டு நின்றது. ஒரு துளி வெளியே வரவில்லை. ஆதப்பன் கிட்ட வந்து கிளாஸை எட்டிப் பார்த்தார். தனஞ்சயனுக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று நாலு நட்டையும் இன்னும் அரைச் சுற்று இறுக்கினார். மறுபடி எடுத்தபோது கிளாஸ் லேசாக நகர்ந்தது. இன்னும் அரைச் சுற்று இறுக்கினார். கிளாஸ் குதித்தது.

அந்த நேரத்தில் போன் வந்தது. உஷாந்தி.

“மெஷின் நடக்குது” என்றார்.

“நல்லதுதானே, நடக்கட்டும்.”

“நடக்குது எண்டால், காலால நடக்குது. குசினி மூலையில இருந்து நடந்து வந்து, குசினிக் கதவை மறிச்சுக்கொண்டு நிக்குது. நான் உள்ளுக்கு. அரை மணித்தியாலமா உள்ளுக்கு.”

“நீர் ஒண்டும் தொடாதையும். நான் வந்து பாக்கிறன்.”

“நான் குனிஞ்சு பாத்திட்டன்” என்றார் உஷாந்தி. “என்ர செருப்பு அடியில இருக்கு.”

தனஞ்சயன் வீட்டுக்கு வந்து குசினிக் கதவைத் தள்ளி, மெஷினை நகர்த்தி, மனைவியை மீட்டெடுத்தார். உஷாந்தி சத்தம் போடவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, “என்ர மெஷின்ர கால் எங்க இருக்குதோ அங்க கூட்டிக்கொண்டு போங்கோ” என்றார். ஒரே நாளில் இரண்டாவது தடவை கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டவரைப் பார்த்து, முதலாம் மாடி டீச்சர் கைகூப்பினார். மனைவியையும் அழைத்துக்கொண்டு போகிறாரே என்று அவருக்கு இன்னும் மதிப்பு.

கிட்டங்கியில் ஆதப்பன் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். உஷாந்தி உட்காராமல் நேரே எஞ்சினிடம் போனார். நாலு காலையும் கழற்றித் தரும்படி சொன்னார். முதலாவது கையில் வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது தோசை போலத் தட்டையாகி, விளிம்பு பிதுங்கியிருந்தது.

“இதை என்ன செய்தனீங்கள்?”

“முதல் தரம் எடுக்கேக்க ஒரு நடுக்கமும் இல்லை. பிறகு இறுக்க இறுக்கக் கூடிப்போச்சு. வெக்கைக்கு ரப்பர் கெட்டுப்போச்சுப் போல.”

“இறுக்க இறுக்கக் கூடுதெண்டால், ஏன் பிறகும் இறுக்கினனீங்கள்?”

“கழண்டால் எஞ்சின் பறந்திடுமெல்லே.”

“அது பறக்கத்தானே இவ்வளவு பாடு?”

ஆதப்பன் இருமினார்.

உஷாந்தி அந்த ரப்பரை இரண்டு விரலால் அழுத்தினார். “என்னட்ட ஒவ்வொரு நாளும் வாற ஆக்களின்ர முதுகு இப்பிடித்தான். ரெண்டு எலும்புக்கு நடுவில இருக்கிற டிஸ்க் நசுங்கிப்போனால் பிறகு எலும்பும் எலும்பும்தான். அது மெத்தை இல்லை, கல்லு. உங்கட ரப்பருக்கு வருத்தம் ஒண்டும் இல்லை. நீங்கள் அதுக்கு மூச்சுவிட இடம் குடுக்கேல்லை.”

“அப்ப இறுக்காமல் விட்டால் நட் கழருது.”

“இறுக்கவும் வேணும், ரப்பர் நசுங்கவும் கூடாது. அதுக்கு ஒரு வழி இருக்கும். ரப்பர் விக்கிற ஆளிட்டக் கேட்டனீங்களோ?”

தனஞ்சயன் கேட்கவில்லை. கேட்டால் எதற்கென்று சொல்லவேண்டி வரும்.

திங்கட்கிழமை உஷாந்தி அரைநாள் லீவு போட்டு, நசுங்கிய காலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கணவனோடு பஞ்சிகாவத்தைக்குப் போனார். நிலாம் தனஞ்சயனைக் கண்டதும், “வாங்க சேர். இந்த முற என்ன? ஜெனரேட்டர் ஒண்டு, மில் ஒண்டு. எத்தன வாகனம் ஈக்கி உங்களுக்கு?” என்றார்.

தனஞ்சயன் படகுக்கு என்று சொல்ல வாயெடுத்தார். உஷாந்தி முந்திக்கொண்டார்.

“எல்லாம் ஒண்டுதான். இவர் ஒரு சின்ன பிளேன் கட்டுறார். அதின்ர எஞ்சினுக்கு.”

நிலாம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “மில்லு எண்டது கூடப் பரவாயில்ல மிஸ். இது ரொம்ப ஓவர்.”

தனஞ்சயன் போனை எடுத்துப் படம் காட்டினார். நிலாம் படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்த்தார். அது ஓட்டோ இல்லை என்று நிச்சயமானதும் அவர் முகம் மாறியது. இத்தனை நாளும் பொய் சொல்லிச் சாமான் வாங்கியதற்குக் கோபம் வருமோ என்று தனஞ்சயன் பயந்தார். நிலாம் கதிரையை இழுத்துப் போட்டுத் தேநீருக்குச் சொன்னார்.

“சேர், டொக்டர்ட போய் வயித்துவலிக்குக் கால் வலிக்குது எண்டு செல்லலாமா? எஞ்சின்ட பாரம் எவ்வளவு? எத்தன சுத்து சுத்தும்? அது தெரியாமத்தானே நான் ஓட்டோட சாமான் தந்த.”

அவர் உள்ளே போய்ச் சின்ன லொறியில் சாரதி இருக்கும் முன்பெட்டியைத் தாங்கும் ரப்பர் ஒரு சோடி கொண்டுவந்தார். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு தடித்த வளையம். நடுவில் ஒரு இரும்புக் குழாய். வெளியே இரண்டு பெரிய வாஷர்.

“இந்தக் குழாய்தான் விஷயம். நட்ட எவ்வளவு இறுக்கினாலும் குழாயில போய் முட்டி நிக்கும். ரப்பர நசுக்க ஏலா. ரப்பர் அறுந்து போனாலும் இந்த வாஷர் எஞ்சின விடாது.”

தனஞ்சயன் குழாயைக் கையில் வாங்கினார். கட்டைவிரல் நீளம்கூட இல்லை. இது தெரியாமல்தான் நாலு மாதமும் ஆதப்பனின் ஒரு டசின் கிளாஸும் போயிருந்தன. அப்படி நாலு சோடி எடுத்தார்கள். குழாய்கள் கொஞ்சம் நீளம் என்று அடுத்த கடை லேத்தில் கொடுத்து அளவுக்கு வெட்டுவித்தார்கள். நிலாம் கூடவே வந்து நின்று, வெட்டிய ஓரத்தைத் தானே அரத்தால் தேய்த்தார்.

அந்த ஞாயிறு எஞ்சினை எடுத்தபோது தேநீர் மேற்பரப்பில் மெல்லிய சுருக்கம்தான் விழுந்தது. வேகத்தைக் கூட்டினார், குறைத்தார், திரும்பக் கூட்டினார். நட்டை இன்னும் இறுக்கிப் பார்க்கக் கை துடித்தது. உஷாந்தி சாவியை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு அந்தக் கிளாஸை எடுத்து, ஒரு மிடறு குடித்தார்.

“சீனி காணாது” என்றார்.

ஆதப்பனின் முதல் பயணக் கதையையும் அவர்தான் அன்றே முடித்துவைத்தார். தனஞ்சயன் சட்டைப்பையில் கையை வைத்துக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்து, அதிலிருந்த காகிதத்தை உருவி ஆதப்பனிடம் நேரே நீட்டினார். ஆதப்பன் பதினேழாம் பக்கத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நட் காதோரம் பறந்த நாளிலிருந்தே, இதில் ஏறமாட்டேன் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் தூக்கம் கெட்டிருந்தாராம். “வாக்குக் கொடுத்துட்டமேன்னு பாத்தேன்” என்றார். அன்றைக்கு ஆதப்பன் வீட்டிலிருந்து எல்லோருக்கும் பணியாரம் வந்தது.

அதற்குப் பிறகு கடிதங்கள், படிவங்கள், அனுமதிகள் என்று எட்டு மாதம் போனது. இயந்திரம் புத்தளம் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துக்குள் இருக்கும் பழைய ஓடுபாதைக்கு லொறியில் போனது. வாகனம் ஓட்டத் தெரியாத நிலாமும் கடையைப் பூட்டிவிட்டு லொறியில் ஏறிக்கொண்டார். தன் ரப்பரைத் தானே பார்க்கவேண்டுமாம். முதலில் பறந்தவர் ஓய்வுபெற்ற விமானி ரொஷான். காலைக் காற்றில் நாலு நிமிடம், தென்னைகளுக்கு மேலே ஒரு வட்டம், இறக்கம். இறங்கியதும் கைகளை விரித்து மூடிப் பார்த்துவிட்டு, விரல் விறைக்கவில்லை என்று சிங்களத்தில் சொன்னார். நிலாம் அதைக் கேட்டுத் தலைகுனிந்து, தன் செருப்பில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பறப்பதில் தனஞ்சயன் இன்னும் மாணவர்தான். அவருக்கு ஓடுபாதையில் ஓட மட்டும்தான் அனுமதி. சில்லு நிலத்தை விட்டு எழும்பக்கூடாது என்று ரொஷான் மூன்று தரம் சொன்னார். தனஞ்சயன் மூன்று தரமும் ஓம் என்றார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். தலைக்கு மேலே இறக்கைகள் மெல்லத் தொடங்கிப் பிறகு வட்டமாகத் தெரிந்தன. ஓடுபாதையின் முக்கால் பங்கில், ஆடுகள் ஒதுங்கி நின்ற இடத்தில், தனஞ்சயனின் தலை அப்பால் இருந்த வேலிக்கம்பிக்கு மேலே தெரிந்தது. பிறகு பழையபடி கீழே தெரிந்தது.

உஷாந்தி போனில் படம் பிடித்துக்கொண்டு நின்றார். அது பறக்காது என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தவர் அவர். அந்தக் கணம் வந்தது கோபமா பயமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது என்று பிற்பாடு நிலாம் சொன்னார்.

திரும்பி வந்து நின்ற தனஞ்சயனிடம் ரொஷான் இடுப்பில் கைவைத்துக் கேட்டார். சில்லு எழும்பியதா இல்லையா?

“இல்லை கப்டன். அந்த இடத்தில நிலம் கொஞ்சம் மேடு” என்றார் தனஞ்சயன்.

ரொஷான் உஷாந்தியின் பக்கம் திரும்பினார். முழு நேரமும் போனில் படம் பிடித்தவர் அவர்தானே, அதைக் காட்டினால் தெரிந்துவிடும் என்றார். உஷாந்தி மரியாதையாகப் போனைக் கொடுத்தார். ஒரு நிமிடம் நாற்பது விநாடிப் படம். ஆரம்பத்தில் ஓடுபாதை தெரிந்தது. பிறகு, எஞ்சின் சத்தம் தூரப்போகப் போக, உஷாந்தியின் பெருவிரலின் சிவந்த நிழல்தான் கடைசிவரை.

“எனக்கு இந்தப் புதுப் போனில படம் பிடிக்கத் தெரியாது” என்றார் உஷாந்தி.

ரொஷான் பெருமூச்சு விட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் போன் உஷாந்தியிடம் நாலு வருஷமாக இருக்கிறது என்பது தனஞ்சயனுக்குத் தெரியும். அவர் குனிந்து, ஏற்கெனவே கழன்றிருந்த ஹெல்மெட் வாரைக் கழற்றிக்கொண்டே இருந்தார்.